கொழுந்திலிருந்து நொதியம் வரை: மலையக மாணவர்களுக்கான ஆய்வுவழி உயிர் இரசாயனச் செய்முறை வழிகாட்டி

உயிர் இரசாயனச் செய்முறை வகுப்புகளில் பெரும்பாலானவை விடை தெரிந்த வினாக்களையே மாணவரிடம் கொடுக்கின்றன. கையேட்டில் எழுதியபடி கரைசல்களைக் கலந்து, அதில் சொல்லப்பட்ட நிறம் தோன்றியதும் குறித்துக்கொண்டு, முன்னைய ஆண்டு அறிக்கையோடு ஒப்பிட்டுச் சரிசெய்து கையளித்துவிட்டால் வேலை முடிந்துவிடுகிறது. அப்படி மூன்று ஆண்டுகள் கற்ற ஒருவருக்கு மைக்கேலிஸ் மாறிலியின் வரைவிலக்கணம் மனப்பாடமாக இருக்கும். ஆனால் தன் கையிலுள்ள குழாயில் நொதியம் உயிர்ப்போடு இருக்கிறதா என்பதை எப்படி நிறுவுவது என்று கேட்டால் தடுமாறுவார். விடை தெரியாத ஒரு வினாவை முன்வைத்து, ஒரு வாரம் கிடைத்ததை அடுத்த வாரத்தின் மூலப்பொருளாகக் கொண்டு, ஓர் அரையாண்டு முழுவதும் ஒரே நொதியத்தைப் பின்தொடரும்போதுதான் இந்தப் பாடம் கைக்கு வருகிறது என்பது என் உறுதியான கருத்து. இவ்வழிகாட்டி அப்படியொரு செய்முறைத் தொடரை எவ்வாறு அமைத்து நடத்துவது என்பதை இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கும் அவர்களுக்குப் பொறுப்பான விரிவுரையாளர்களுக்கும் படிப்படியாகச் சொல்கிறது.

இதற்கு இலங்கையின் மலையகத்தில் மூலப்பொருளைத் தேடி அலைய வேண்டியதில்லை. 1867 இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் வர்த்தக நோக்கில் தேயிலை நட்ட காலம் முதல், இந்த மலைகளின் பொருளாதாரம் இலைக்குள் நிகழும் ஒரு நொதியத் தாக்கத்தின் மீதே நிற்கிறது. பொலிபீனோல் ஒட்சிடேசு என்னும் அந்த நொதியம் செம்பு அணுக்களைத் தன் உயிர்ப்பு மையத்தில் கொண்டது. அது இலையின் பச்சையவுருமணிகளில் இருக்கிறது. அது தாக்கும் கற்றெச்சின்கள் என்னும் பொலிபீனோல்கள் கலத்தின் புன்வெற்றிடத்தில் அடைபட்டிருக்கின்றன. முழு இலையில் இரண்டும் சந்திப்பதில்லை. தொழிற்சாலையில் வாடிய கொழுந்தை உருட்டும்போது கலங்கள் உடைந்து, ஒட்சிசனும் சேர, கற்றெச்சின்கள் குயினோன்களாகி, அவை இணைந்து தியாஃபிளேவின்களையும், பின்னர் தியாருபிகின்களையும் தோற்றுவிக்கின்றன. நாம் குடிக்கும் சாயத்தின் செம்மையும் துவர்ப்பும் அங்கிருந்தே வருகின்றன. தொழிற்சாலையில் இதை 'நொதித்தல்' என்று அழைத்தாலும், நுண்ணங்கிகளுக்கு இதில் முக்கிய பங்கில்லை. இறுதியில் சூடான காற்றில் உலர்த்துவது நீரை அகற்றுவதற்காக மட்டுமன்று. இந்த நொதியத்தைச் செயலிழக்கச் செய்வதற்காகவும்தான்.

தோட்டத்தில் வளர்ந்த மாணவர் பலர் இந்த நிறமாற்றத்தைச் சிறு வயதிலிருந்தே கண்டவர்கள். இளங்கொழுந்து எது, முற்றிய இலை எது என்பதை விரலால் தொட்டே சொல்லக்கூடியவர்களும் அவர்களுள் உண்டு. ஆய்வுகூடத்தில் அந்த அறிவுக்கு உரிய மதிப்புக் கொடுக்க வேண்டும்; மாதிரி எடுக்கும் கட்டத்தில் அது உண்மையிலேயே பயன்படும்.

முதற் படி: வினாவைத் தெரிவு செய்தல்

முழுத் தொடரின் தரமும் இங்கேதான் நிர்ணயமாகிறது. ஆகவே முதல் இரு வாரங்களை இதற்கே ஒதுக்குங்கள்.

மலையக மாணவரிடம் 'என்ன கேட்க விரும்புகிறீர்கள்?' என்றால், அநேகமாக முதலில் வரும் வினா, நுவரெலியாக் கொழுந்துக்கும் கண்டிக் கொழுந்துக்கும் நொதிய உயிர்ப்பில் வேறுபாடு உண்டா என்பதாகவே இருக்கும். 1,200 மீற்றருக்கு மேல் விளைவது உயர்நிலத் தேயிலை, 600 முதல் 1,200 மீற்றர் வரை விளைவது இடைநிலத் தேயிலை என்ற பாகுபாடு எல்லோருக்கும் தெரிந்ததாகையால் இவ்வாவல் இயல்பானது. ஆனால் இரண்டு தோட்டங்களை ஒப்பிடும்போது உயரம் மட்டும் மாறுவதில்லை. தேயிலை வர்க்கம், மண், மழை, உரம், கவாத்து வெட்டிய காலம், கொழுந்து ஆய்வுகூடத்தை அடைய எடுத்த நேரம் ஆகிய அனைத்தும் கூடவே மாறுகின்றன. வேறுபாடு தெரிந்தாலும் அதற்கு உயரமே காரணம் என்று சொல்ல முடியாது. ஓர் அரையாண்டுக்குள் தீர்க்கக்கூடிய வினாவில் ஒரு காரணி மாத்திரமே மாற வேண்டும்.

அவ்வகையில் நான் முதலில் பரிந்துரைப்பது இலையின் முதிர்வு பற்றிய வினா: ஒரே செடியின் மொட்டு, முதலாம் இலை, இரண்டாம் இலை, நான்காம் இலை ஆகியவற்றில் புரத மில்லிகிராம் ஒன்றுக்கான நொதிய உயிர்ப்பு எவ்வாறு மாறுகிறது? செடி ஒன்றே, மண் ஒன்றே, நேரம் ஒன்றே. 'இரண்டு இலையும் ஒரு மொட்டும்' என்று கொழுந்து பறிப்பதற்கு இரசாயன அடிப்படை என்ன என்பதோடும் இது நேரடியாகத் தொடர்புபடுகிறது.

வாட்டுதல் பற்றிய வினாவும் நல்லது. ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது. பறித்த கொழுந்தை 0, 6, 12, 18 மணித்தியாலங்கள் வாடவிட்டு, கிராம் ஒன்றுக்கான உயிர்ப்பை அளந்தால் அது கூடிக்கொண்டே போவதாகத் தோன்றலாம். 100 கிராம் கொழுந்து நீரிழந்து 60 கிராமாகிவிட்டால், நொதியத்தில் எந்த மாற்றமும் இல்லாமலேயே கிராம் ஒன்றுக்கான உயிர்ப்பு 1.67 மடங்காகிவிடும். எனவே உலர் நிறையின் அடிப்படையிலோ, புரத அளவின் அடிப்படையிலோதான் ஒப்பிட வேண்டும். இதை விரிவுரையாளர் முன்கூட்டியே சொல்லிவிடாமல், மாணவரின் திட்ட வரைவை வாசித்த பின், 'இந்தப் பெறுமானத்தை எதனால் வகுக்கப் போகிறீர்கள்?' என்று மட்டும் கேட்பது நல்லது.

வினா முடிவானதும் ஒவ்வோர் அணியும் தன் கருதுகோளையும், அது சரியானால் வரைபு எப்படி இருக்கும், பிழையானால் எப்படி இருக்கும் என்பதையும் கையால் வரைந்து, திகதியிட்டுக் குறிப்பேட்டில் ஒட்ட வேண்டும். பெறுபேறு வந்த பிறகு 'இதைத்தான் நாங்கள் எதிர்பார்த்தோம்' என்று நினைவு தானாகத் திருத்திக்கொள்வதை இந்த ஒரு தாள் தடுக்கும்.

இரண்டாம் படி: குறிப்பேடும் பாதுகாப்பும்

மூவர் கொண்ட அணியே பொருத்தமானது. நால்வரானால் ஒருவர் எப்போதும் பார்வையாளராகிவிடுகிறார். குறிப்பேடு பக்க எண்ணிட்டதாகவும், மையால் எழுதப்பட்டதாகவும் இருக்கட்டும். அதில் அடித்துத் திருத்தலாம், தாளைக் கிழிக்கக்கூடாது. கரைசல் தயாரித்தவர் பெயர், போத்தலில் உள்ள தொகுதி எண், நிறுத்த உண்மையான நிறை, அந்நேரத்து அறை வெப்பநிலை ஆகியவை எழுதப்பட வேண்டும்.

அறை வெப்பநிலையை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. வெளிநாட்டுக் கையேடுகளில் 'அறை வெப்பநிலை' என்றால் 25 பாகை செல்சியஸ் என்று கருதப்பட்டிருக்கும். நுவரெலியாவிலோ தலவாக்கலையிலோ காலை வேளையில் ஆய்வுகூடம் அதைவிட வெகு குளிராக இருக்கும். பல நொதியங்களின் வேகம் 10 பாகை கூடும்போது ஏறத்தாழ இரு மடங்காகும் என்பதால், காலையில் ஓர் அணியும் பிற்பகலில் இன்னோர் அணியும் அளந்த பெறுமானங்களை நீர்த்தொட்டியின் உதவியின்றி ஒப்பிடவே முடியாது. டிரிஸ் தாங்கற் கரைசலின் (தாங்கல் என்பது அமில-கார நிலையை நிலையாக வைத்திருக்கும் கரைசல்) பீ.எச். பெறுமானம் ஒரு பாகை குறைய ஏறத்தாழ 0.028 கூடுகிறது, 25 பாகையில் 7.5 ஆக்கிய கரைசல் 4 பாகையில் 8.1 அளவில் நிற்கும். பொஸ்பேற்றுத் தாங்கலில் இம்மாற்றம் மிகச் சிறியது. மலையக ஆய்வுகூடங்களுக்கு அதுவே ஏற்றது. நீரின் கொதிநிலையும் இங்கே வேறு. ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் நீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடுகிறது. 'கொதிக்க வைத்த நொதியம்' என்று எழுதும்போது 100 பாகை என்று பழக்கத்தில் எழுதாமல், வெப்பமானி காட்டிய பெறுமானத்தை எழுதுங்கள்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, நாம் கீழ்ப்படையாக, அதாவது நொதியம் தாக்கும் பொருளாகப் பயன்படுத்தும் கற்றெகோல் நச்சுத்தன்மை உடையது, தோலினூடாக உடலுக்குள் செல்லக்கூடியது. கையுறையும் கண்ணாடியும் இன்றி அதை நிறுக்கக்கூடாது. அசற்றோன் எளிதில் தீப்பற்றும்; அது திறந்திருக்கும் மேசையில் பன்சன் சுடர் எரியக்கூடாது.

மூன்றாம் படி: கொழுந்து சேகரித்தல்

தோட்ட நிருவாகத்தின் எழுத்துமூல அனுமதியைப் பெறுங்கள். அண்மையில் மருந்து அடித்த மலையா (தேயிலைப் பகுதியா) என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பழைய விதைத் தேயிலை மலைகளில் ஒவ்வொரு செடியும் மரபணு அடிப்படையில் வேறுபட்டது. ஆகவே வீ.பி. தேயிலை என்று தோட்டங்களில் அழைக்கப்படும், தண்டு நட்டு உருவாக்கிய மலையிலேயே மாதிரி எடுக்க வேண்டும். தேயிலை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட டி.ஆர்.ஐ. 2025 போன்ற பரவலான ஒரு வர்க்கத்தைத் தெரிவு செய்தால், வேறு ஆண்டு மாணவரும் அதே வர்க்கத்தைத் தேடிப் பெறலாம். 1925 இல் தொடங்கப்பட்ட அந்த நிலையம் தலவாக்கலை சென். கூம்ஸ் தோட்டத்தில் இயங்குகிறது. எந்த மலையில் எந்த வர்க்கம் என்பதில் ஐயம் எழுந்தால் ஊகிக்காமல் அறிந்தவரிடம் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

குறைந்தது மூன்று செடிகளில், ஒன்றுக்கொன்று தள்ளி நிற்பவற்றில், தனித்தனியே மாதிரி எடுத்துத் தனித்தனியே சாறெடுக்க வேண்டும். மாணவர் மிக அதிகமாகத் தவறும் இடம் இதுவே. ஒரே சாற்றை மூன்று தடவை அளப்பது அளவையின் நம்பகத்தன்மையையே காட்டும். செடிக்குச் செடி உள்ள வேறுபாட்டைப் பற்றி அது எதையும் சொல்லாது. மூன்று செடிகளிலிருந்து ஒவ்வொன்றுக்கும் மூன்று அளவீடுகள் எடுத்தால், ஒன்பது பெறுமானங்கள் இருந்தாலும் மாதிரி எண்ணிக்கை மூன்றுதான்.

பறித்தவுடன் இலைகளை வயதுவாரியாகப் பிரித்துப் பைகளில் இட்டு, பனிக்கட்டிப் பெட்டிக்குள் வையுங்கள். பெட்டிக்குள் நசுங்கினால் தாக்கம் அங்கேயே தொடங்கிவிடும். இலையைப் பிரிக்கும் வேலையைப் பழகிய கைகளிடம் விடுங்கள். அணியில் யாருக்கும் பழக்கமில்லையென்றால், கொழுந்து பறிக்கும் அம்மா ஒருவரிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள், அவருடைய நேரத்துக்கு உரிய கூலியையும் கொடுங்கள்.

நான்காம் படி: நொதியத்தை வெளியே எடுத்தல்

தேயிலையில் நொதியம் எடுப்பது உருளைக்கிழங்கிலோ வாழைப்பழத்திலோ எடுப்பதைவிடக் கடினம். காரணம், உலர் நிறையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வரை பொலிபீனோல்கள். கலம் உடைந்த கணமே அவை குயினோன்களாகிப் புரதங்களோடு பிணைந்து, நாம் தேடும் நொதியத்தையே செயலிழக்கச் செய்கின்றன.

இதை மாணவர் கண்ணால் காண வேண்டும். இரண்டு பீங்கான் உரல்களைப் பனிக்கட்டியில் வையுங்கள். ஒன்றில் கொழுந்தும் வெறும் தாங்கற் கரைசலும். மற்றதில் கொழுந்தோடு, முதல் நாள் இரவே தாங்கற் கரைசலில் ஊறவைத்த பொலிவைனைல்பொலிபிரலிடோன் என்ற வெண்ணிறத் தூள், அதாவது பீ.வி.பி.பி. முதல் உரலில் பச்சைக் கூழ் விளிம்பிலிருந்து செம்பு நிறமேறி, அரைத்துக்கொண்டிருக்கும்போதே பழுப்பாகும். தொழிற்சாலையில் உருட்டிய கொழுந்தின் மணமும் எழும். இரண்டாவதில் கூழ் நெடுநேரம் பச்சையாகவே இருக்கும். பொலிபீனோல்களை அந்தத் தூள் பற்றிக்கொண்டு, சாற்றிலிருந்து பிரித்துவிடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை.

செயன்முறை பின்வருமாறு: 10 கிராம் கொழுந்தை, 0.1 மோலார் பொஸ்பேற்றுத் தாங்கற் கரைசல் (பீ.எச். 7.0) 40 மில்லிலீற்றரில், 2 முதல் 5 கிராம் பீ.வி.பி.பி. சேர்த்து அரைக்க வேண்டும். நொதியத்தின் ஒரு பகுதி மென்சவ்வோடு ஒட்டியிருப்பதால் 0.5 சதவீத டிரைட்டன் எக்ஸ்-100 சேர்ப்பது விளைவைக் கூட்டும். ஆனால் இச்சவர்க்காரம் பின்னர் புரத அளவீட்டில் குறுக்கிடும் என்பதை இப்போதே குறித்துவையுங்கள். கூழை நான்காக மடித்த மஸ்லின் துணியில் பிழிந்து, 4 பாகையில் 20 நிமிடம் மையநீக்கம் செய்து, மேலே நிற்கும் தெளிந்த திரவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இதுவே முதற் சாறு. மையநீக்கத்தை நிமிடச் சுழற்சியில் மட்டும் எழுதினால் வேறோர் ஆய்வுகூடம் அதை மீளச் செய்ய முடியாது. ஆரை 8 சென்ரிமீற்றர் உள்ள சுழலியில் நிமிடத்துக்கு 10,000 சுழற்சி என்பது புவியீர்ப்பின் ஏறத்தாழ 8,900 மடங்கு. ஆரை மாறினால் இப்பெறுமானமும் மாறும்.

குளிரூட்டிய மையநீக்கி இல்லாத இடங்களில் அசற்றோன் தூள் முறை கைகொடுக்கும். கொழுந்தை -20 பாகையில் குளிர்வித்த அசற்றோனில் அரைத்து, வடித்து, வடிதிரவம் நிறமற்றதாகும் வரை குளிர்ந்த அசற்றோனால் கழுவி உலர்த்தினால், பச்சையமும் பொலிபீனோல்களும் பெருமளவு நீங்கி வெளிறிய தூளொன்று கிடைக்கும். உறைகுளிரில் வைத்தால் அது மாதக்கணக்கில் பயன்படும். ஒரே நாளில் எடுத்த மாதிரியை அரையாண்டு முழுவதும் பகிர்ந்து பயன்படுத்தலாம் என்பதால், கற்பித்தலுக்கு இம்முறையையே நான் விரும்புகிறேன்.

ஐந்தாம் படி: உயிர்ப்பை அளத்தல்

குவெட்டில் (ஒளியைச் செலுத்தி அளக்கும் சிறு குழாயில்) 2.4 மில்லிலீற்றர் சித்திரேற்று-பொஸ்பேற்றுத் தாங்கற் கரைசல் (பீ.எச். 5.5), 0.5 மில்லிலீற்றர் 60 மில்லிமோலார் கற்றெகோல் ஆகியவற்றை எடுத்து, 25 பாகைக்குக் கொண்டுவந்து, 0.1 மில்லிலீற்றர் நொதியச் சாற்றைச் சேர்த்தவுடன் கலக்கி, 420 நானோமீற்றரில் 10 செக்கனுக்கு ஒரு தடவை இரண்டு நிமிடம் அகத்துறிஞ்சலைப் பதிவு செய்யுங்கள். கற்றெகோலின் இறுதிச் செறிவு 10 மில்லிமோலார். அக்கரைசலை அன்றன்றே தயாரித்து, ஒளிபடாமல் வைக்க வேண்டும். பழையது தானாகவே ஒட்சியேறிப் பழுப்பாகும்.

வரைபில் தொடக்கத்தில் உள்ள நேர்கோட்டுப் பகுதியின் படித்திறனே வேகம். கோடு விரைவில் வளைந்துவிடும். தாக்கத்தின் போதே இந்நொதியம் செயலிழந்து வருவது அதற்கு ஒரு காரணம். ஆகவே இரண்டு நிமிட முடிவிலுள்ள பெறுமானத்தை மட்டும் எடுத்து இரண்டால் வகுப்பது பிழையானது. உருவாகும் குயினோன் நிலையற்றதாகையால் அதை மோல்களில் கணிப்பதும் நம்பத்தக்கதன்று, நிமிடத்துக்கு 0.001 அகத்துறிஞ்சல் அதிகரிப்பை ஓர் அலகு என வரையறுப்பது வழக்கம்.

உண்மையான கற்றல் கட்டுப்பாட்டுக் குழாய்களில்தான் இருக்கிறது. நொதியமற்ற குழாய், கற்றெகோல் தானாக எவ்வளவு ஒட்சியேறுகிறது என்பதைக் காட்டும். பத்து நிமிடம் கொதிநீரில் வைத்துக் குளிர்வித்த சாறு சேர்த்த குழாய், மாற்றத்துக்குக் காரணம் நொதியமே என்பதை நிறுவும். கற்றெகோல் சேர்க்காத குழாயில் நிறம் தோன்றினால், சாற்றில் இலையின் சொந்தப் பொலிபீனோல்கள் இன்னும் எஞ்சியிருக்கின்றன என்று பொருள். அப்போது சாற்றைச் சவ்வுப் பையில் இட்டு, குளிர்ந்த தாங்கற் கரைசலில் இரவு முழுவதும் கூழ்ப்பிரிப்புச் செய்து, சிறு மூலக்கூறுகளை வெளியேற்றிவிட்டு மறுபடி அளக்க வேண்டும். தேயிலையில் பேரொட்சிடேசு நொதியமும் உண்டு, அதுவும் பீனோல்களை ஒட்சியேற்றும், ஆனால் அதற்கு ஐதரசன் பேரொட்சைட்டு தேவை. ஒரு குழாயில் கற்றலேசு சேர்த்துப் பேரொட்சைட்டை அகற்றிய பிறகும் வேகம் குறையாவிட்டால், நாம் அளப்பது பொலிபீனோல் ஒட்சிடேசு என்று துணிந்து எழுதலாம்.

இன்னொரு சோதனையையும் விட்டுவிடாதீர்கள். சாற்றின் கனவளவை இரட்டிப்பாக்கித் தாங்கலைக் குறைத்து அளந்தால் படித்திறனும் இரட்டிப்பாக வேண்டும். ஆகாவிட்டால், சாறு அளவுக்கு மீறிச் செறிவானது அல்லது அதில் நொதியத்தைத் தடுக்கும் ஏதோ நிரோதி கலந்திருக்கிறது. அந்நிலையில் பெற்ற எந்த ஒப்பீடும் செல்லாது.

ஆறாம் படி: புரத அளவீடும் தூய்மையாக்கல் அட்டவணையும்

1976 இல் பிராட்ஃபோர்ட் வெளியிட்ட முறையே இங்கு வசதியானது: கூமாசி நீலச் சாயம் புரதத்தோடு பிணையும்போது செம்பழுப்பிலிருந்து நீலமாக மாறும், 595 நானோமீற்றரில் அளக்கலாம். மாட்டுச் சீரம் அல்புமினைக் கொண்டு நியம வளைகோட்டை அன்றைய தினமே வரையுங்கள். கரைசல்கள் அனைத்திலும் சாற்றிலுள்ள அதே அளவு டிரைட்டன் இருக்கட்டும்.

அடுத்து அமோனியம் சல்பேற்றால் வீழ்படிவாக்கல். 0 பாகையில் 100 மில்லிலீற்றருக்கு 51.6 கிராம் சேர்த்தால் 80 சதவீத நிரம்பல் கிடைக்கும். உப்பைச் சிறிது சிறிதாக, மெதுவாகக் கலக்கியபடி சேருங்கள். நுரை எழுந்தால் புரதம் குலைகிறது. வீழ்படிவை மையநீக்கிப் பிரித்து, குறைந்தளவு தாங்கற் கரைசலில் கரைத்து, கூழ்ப்பிரிப்பால் உப்பை நீக்குங்கள்.

கணக்கை ஓர் எடுத்துக்காட்டால் சொல்கிறேன். எண்கள் விளக்கத்துக்காக எடுத்தவை. 0.1 மில்லிலீற்றர் முதற் சாறு நிமிடத்துக்கு 0.084 அதிகரிப்பைத் தந்தால் அது 84 அலகு, மில்லிலீற்றருக்கு 840. மொத்தச் சாறு 40 மில்லிலீற்றரானால் 33,600 அலகு. புரதம் மில்லிலீற்றருக்கு 1.2 மில்லிகிராமானால், தன்னுயிர்ப்பு, அதாவது புரத மில்லிகிராம் ஒன்றுக்கான உயிர்ப்பு, 700 அலகு. வீழ்படிவாக்கிய பின் 5 மில்லிலீற்றரில் மில்லிலீற்றருக்கு 2,400 அலகும் 1.6 மில்லிகிராம் புரதமும் இருந்தால், மொத்தம் 12,000 அலகு, தன்னுயிர்ப்பு 1,500. ஆகவே விளைவு ஏறத்தாழ 36 சதவீதம், தூய்மை 2.1 மடங்கு. மூன்றில் இரண்டு பங்கு நொதியம் எங்கே போயிற்று என்பதே அடுத்து எழ வேண்டிய வினா. வீழ்படிவுக்கு மேலிருந்த திரவத்தைக் கொட்டிவிட்ட அணியால் அதற்கு விடை காண முடியாது. எனவே முழு அட்டவணையும் பூர்த்தியாகும் வரை எந்தப் பகுதியையும் வீசக்கூடாது என்பதை வகுப்பின் சட்டமாக்குங்கள்.

வசதியுள்ள இடங்களில் புரதங்களை மின்புலத்தில் ஜெல்லினூடாகப் பிரித்தும் பார்க்கலாம். அதற்குப் பயன்படும் சோடியம் டொடெசைல் சல்பேற்றுக் கரைசல் குளிர்ந்த காலையில் வெண்ணிறமாக உறைந்து நிற்கும். அது பழுதாகவில்லை, இளஞ்சூட்டில் வைத்தால் தெளிந்துவிடும்.

ஏழாம் படி: இயக்கவியல்

கற்றெகோலின் இறுதிச் செறிவை 1, 2, 4, 8, 16, 32 மில்லிமோலார் என மாற்றித் தொடக்க வேகங்களை அளந்து, கீழ்ப்படையின் செறிவையும் வேகத்தையும் தொடர்புபடுத்தி மைக்கேலிசும் மென்டனும் 1913 இல் தந்த சமன்பாட்டுக்குப் பொருத்துங்கள். பாடநூல்கள் இன்றும் வேகம், செறிவு ஆகியவற்றின் தலைகீழ்ப் பெறுமானங்களை வரையும் 1934 ஆம் ஆண்டின் லைன்வீவர்-பேர்க் நேர்கோட்டு வரைபை முன்னிறுத்துகின்றன. பார்ப்பதற்கு அது எளிமையானது, ஆனால் பிழையை ஊதிப் பெருக்குகிறது. வேகம் 0.100, பிழை 0.002 ஆனால் தலைகீழ்ப் பெறுமானம் 9.8 க்கும் 10.2 க்கும் இடையில் நிற்கும், வேகம் 0.010 ஆகவும் பிழை அதே 0.002 ஆகவும் இருந்தால் அது 83 க்கும் 125 க்கும் இடையில் ஊசலாடும். மிக நம்பகமற்ற புள்ளியே கோட்டின் சாய்வைத் தீர்மானித்துவிடுகிறது. விரிதாள் மென்பொருளிலோ இலவசமாகக் கிடைக்கும் ஆர் என்னும் கணினி மொழியிலோ வளைகோட்டை நேரடியாகப் பொருத்துவது இப்போது கடினமான காரியமன்று. நேர்கோட்டு வரைபை விளக்கத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

எட்டாம் படி: அணியின் சொந்த வினா

இந்தக் கட்டத்துக்கு வந்த மாணவரிடம் செயற்படும் ஓர் அளவீடு, நம்பத்தக்க கட்டுப்பாடுகள், தூய்மையாக்கிய நொதியம் ஆகியவை இருக்கின்றன. எஞ்சிய வாரங்களை முற்றிலும் அவர்களிடமே விட்டுவிட வேண்டும். வெப்ப உறுதி, பீ.எச். சார்பு, வேறு கீழ்ப்படைகள், நிரோதிகள் என வழிகள் பல.

நிரோதிகளைத் தெரிவு செய்யும் அணிக்கு அஸ்கோபிக் அமிலம் மிக நல்ல ஆசிரியர். அதைச் சேர்த்தால் நிறம் சில நேரம் தோன்றவே தோன்றாது. மாணவர் உடனே 'முழுமையான நிரோதம்' என்று எழுதிவிடுவர். பதிவைத் தொடர்ந்து எடுக்கச் சொல்லுங்கள். சிறிது நேரத்தின் பின் கோடு திடீரென எழுந்து, ஏறத்தாழ வழமையான படித்திறனில் ஏறும். உருவான குயினோனை அமிலம் உடனுக்குடன் மீண்டும் கற்றெகோலாகத் தாழ்த்தி வந்தது. அமிலம் தீர்ந்ததும் நிறம் வெளிப்பட்டது. நொதியம் அவ்வளவு நேரமும் வேலை செய்துகொண்டேதான் இருந்தது. ஒட்சிசன் மின்வாய் இருந்தால், நிறமற்ற அந்த இடைவெளியிலும் ஒட்சிசன் குறைந்துகொண்டே போவதைக் காட்டி இதை உறுதிப்படுத்தலாம். நாம் அளக்கும் நிறம் வேறு, நொதியத்தின் செயல் வேறு என்ற வேறுபாடு அன்றைக்கு அவர்கள் மனத்தில் பதியும்.

ஒன்பதாம் படி: அறிக்கையும் மதிப்பீடும்

பல்கலைக்கழகம் ஆங்கிலத்தில் அறிக்கை கேட்டால் ஆங்கிலத்திலேயே எழுதட்டும். ஆனால் தரவைச் சுற்றி நடக்கும் விவாதம் மாணவருக்கு மிகவும் கைவந்த மொழியிலேயே நடக்க வேண்டும். உயர்தரம் வரை தமிழில் கற்றவர், கட்டுப்பாட்டுக் குழாய் ஏன் நிறம் மாறியது என்பதைத் தமிழில் வாதிட்டுத் தெளிந்த பின்னரே அதைப் பிற மொழியில் திருத்தமாக எழுத முடிகிறது.

புள்ளித் திட்டத்தில் விளைவின் சதவீதத்துக்கோ, எதிர்பார்த்த பெறுபேறு வந்ததா என்பதற்கோ இடமிருக்கக்கூடாது. கட்டுப்பாடுகள் செம்மையாக இருந்து, கருதுகோள் பொய்த்துவிட்ட அறிக்கை முழுப் புள்ளிக்குத் தகுதியுடையது. அழகான வளைகோடு இருந்தும் மாதிரி எண்ணிக்கையைப் பிழையாகச் சொன்ன அறிக்கை அதற்குத் தகுதியற்றது. குறிப்பேட்டுக்கு அறிக்கைக்குச் சமமான புள்ளி கொடுங்கள். அணிகள் தம் குறிப்பேடுகளை மாற்றிக்கொண்டு, மற்ற அணியின் ஓர் அளவீட்டைக் குறிப்பேட்டை மட்டும் பார்த்து மீளச் செய்ய முயல்வது மிகச் சிறந்த பரீட்சை.

இறுதி வாரத்தில் எஞ்சிய அசற்றோன் தூளைச் சிறு குப்பிகளில் பிரித்து, வர்க்கம், செடி எண், இலை நிலை, பறித்த திகதி ஆகியவற்றை நீரில் கரையாத மையால் எழுதி உறைகுளிரில் வையுங்கள். ஒவ்வோர் அணியும் தான் தீர்க்க முடியாமல் விட்ட வினாவையும், அதைத் தீர்க்க என்ன பரிசோதனை தேவை என்பதையும் ஒரு பக்கத்தில் எழுதி, குறிப்பேட்டின் நகலோடு சேர்த்து ஒப்படைக்க வேண்டும். அடுத்த ஆண்டு மாணவர் தம் முதல் வாரத்தில் வாசிக்க வேண்டியது அந்தப் பக்கங்களைத்தான்.